தெய்வேந்திரமுனையில் திரும்பும் நீர்

கலவான கடற்கரை ஊரல்ல. இங்கிருந்து பார்த்தால் தெரிவது சிங்கராஜ வனத்தின் விளிம்பும் தேயிலையும் இறப்பரும் இரத்தினக்கல் குழிகளுந்தான். குக்குளே கங்கை எங்கள் மழையைச் சேர்த்துக்கொண்டு போய்க் களு கங்கையில் விட, அது களுத்துறையில் கடலோடு கலக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கடலோடு உள்ள உறவு அவ்வளவுதான். தோட்டத்து லயன்களில் இருந்து வரும் மாணவர்களில் கடலை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புவியியல் பாடத்தில் வளைகுடா நீரோட்டம் என்றால் உடனே கையைத் தூக்குவார்கள். மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து புறப்பட்டு வட அத்திலாந்திக்கைக் கடந்து பிரித்தானியாவுக்கும் நோர்வேக்கும் வெப்பம் கொண்டு செல்லும் சிவப்பு அம்புக்குறி அவர்களுக்கு மனப்பாடம். லப்ரடோரின் நீல அம்புக்குறியும் மனப்பாடம்.

தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஒருநாள் கேட்டது: "சேர், நம்ம கடலு எந்தப் பக்கமா ஓடுது?"

கேள்வி சின்னது. ஆனால் அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. "இது எந்த மாதம்?" என்று திருப்பிக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். உலகின் பெருங்கடல்களில் இப்படித் திருப்பிக் கேட்கவேண்டிய கடல் நம்முடையதுதான்.

வளைகுடா நீரோட்டமும் ஜப்பானின் குரோஷியோவும் ஆபிரிக்காவின் தென்முனையை உரசிச் செல்லும் அகுல்காஸும் வருடம் முழுக்க ஒரே திசையில் ஓடுகின்றன. கூடலாம், குறையலாம், வளையலாம்; திரும்புவதில்லை. வட இந்து சமுத்திரம் அப்படியல்ல. அதன் வடபுறத்தை ஆசியா என்ற பெருநிலம் சுவர்போல் மறித்து நிற்கிறது. கோடையில் அந்த நிலம் சூடாகும்போது தென்மேற்கிலிருந்து காற்று இழுக்கப்படுகிறது. மாரியில் அது குளிரும்போது வடகிழக்கிலிருந்து காற்று இறங்குகிறது. காற்று திரும்பக் கடலின் மேல்நீரும் திரும்புகிறது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை இலங்கையின் தெற்கே நீர் மேற்கிலிருந்து கிழக்காக ஓடி, பிறகு வடக்கே வளைந்து வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறது. நவம்பர் கழிந்து மார்ச் வரை அதே இடத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடி அரபிக் கடலுக்குப் போகிறது. தெய்வேந்திரமுனைக்கு அப்பால் நிலம் கிடையாது, அந்தாட்டிக்கா வரை வெறும் நீர்தான். இரண்டு கடல்களுக்கும் இடையே போகவர இருக்கும் வாசல் அது. அந்த வாசலில் நீர் வருடத்தில் இருமுறை திசை மாறுகிறது.

கரையோர மக்களுக்கு இது புதினமல்ல. சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். நீரோட்டத்துக்கும் தனிப் பெயர் உண்டு. தமிழ்நாட்டின் கீழைக்கரை மீனவர் அதனை 'நீவாடு' என்பர். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் சோநீவாடு. வாடையின் 'வா'வும் சோழகத்தின் 'சோ'வும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கின்றன. காற்றையும் நீரையும் பிரிக்காமல் பார்த்த கண் அது. நமது பாடநூல்களுக்கு இந்தச் சொற்கள் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தத் திருப்பத்தை முதலில் எழுதிவைத்தது யார் என்று தேடினால் அரபு மொழிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ், 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்' என்ற நூலை எழுதினார். பாதைகளையும் நாடுகளையும் பற்றியது அது. கோடையில் ஒரு திசையிலும் மாரியில் எதிர்த்திசையிலும் கடல் ஓடுவதாக மாலுமிகள் கூறுகிறார்கள் என்று அதில் அவர் குறித்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் அல் மஸ்ஊதியும் காற்றோடு சேர்ந்து நீரோட்டம் மாறுவதைச் சொல்கிறார். இவற்றையெல்லாம் திரட்டி 1966இல் கடலியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதியவர் புரூஸ் வொறன் என்ற அமெரிக்கக் கடலியலாளர். இந்து சமுத்திர நீரோட்டம் பற்றிய இன்றைய ஆய்வுரைகள் பலவும் அந்தக் குறிப்புகளிலிருந்தே தம் வரலாற்றைத் தொடங்குகின்றன.

இங்கே ஒன்றை நிதானமாகக் கவனிக்கவேண்டும். இப்னு குர்தாத்பிஹ் தானே கடலில் போய் அளந்ததாகச் சொல்லவில்லை. மாலுமிகள் சொன்னதாகச் சொல்கிறார். அவருக்குச் சொன்ன அந்த மாலுமிகள் யார்? ஓமானியரா, சீராப் துறைமுகத்துப் பாரசீகரா, மலபாரியரா, நம் கரையாரா? பெயர் இல்லை. அறிவு எப்போதும் எழுதியவன் பெயரில் பதிவாகிறது, ஓட்டியவன் பெயரில் அல்ல. 'மொன்சூன்' என்ற சொல்லே 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லின் பிள்ளை. காலம், பருவம் என்பது பொருள். போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலமாக நம் பாடநூலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. காற்றைப்போலவே சொல்லும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது.

இன்னொரு சொல்லும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சொல். தமிழில் 'மாலுமி' என்கிறோம். 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே தமிழ் நாவில் இப்படி ஆயிற்று. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர். குர்ஆன் மத்ரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். இந்து சமுத்திரக் கப்பல்களில் நட்சத்திரமும் காற்றும் நீரும் அறிந்து வழிகாட்டியவருக்கும் அதே பெயர். கப்பலின் தலைவர் நகுதா. ஆனால் வழி அறிந்தவர் முஅல்லிம். அக்பரின் ஆட்சி விபரங்களைக் கூறும் 'ஆயினே அக்பரி'யிலும் கப்பல் பணியாளர் வரிசையில் இந்தப் பதவி உண்டு. சுக்கானும் அரபுச் சொல்லே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பேருவளையிலும் புழங்கிய இந்தச் சொற்கள் இலக்கியத்தில் ஏறியதைவிட உப்புக்காற்றில் கரைந்து போனவையே அதிகம்.

முஅல்லிம் பற்றிப் பேச வந்தால் வாஸ்கோட காமாவின் கதையைத் தொடாமல் போகமுடியாது. நமது மேடைகளில் அது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆபிரிக்காவின் மாலிந்தித் துறைமுகத்திலிருந்து கோழிக்கோட்டுக்கு வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் மகா மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் என்பது அந்தக் கதை. பெருமையாகவும் சொல்வார்கள், துயரமாகவும் சொல்வார்கள். நம்மவரே அந்நியனை வீட்டுக்குள் அழைத்து வந்தார் என்ற கசப்பும் அதில் உண்டு. இக்கதைக்கு ஆதாரம் பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி எழுதிய வரலாற்று நூல். சம்பவம் நடந்து பல தசாப்தங்கள் கழித்து எழுதப்பட்டது அது. மதுபோதையில் வழிகாட்டினார் என்றும் அவர் எழுதுகிறார். இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் பெராண் அதனை எடுத்துப் பரப்பினார். ஆனால் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பரோஸ் என்ன சொல்கிறார்? வழிகாட்டியவன் குஜராத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் என்றும் அவன் பெயர் 'மலெமோ கானா' என்றும் எழுதுகிறார். வேறொருவர் அதையே 'மலெமோ கானக்கா' என்று எழுதுகிறார்.

'மலெமோ' என்பது வேறொன்றுமல்ல, நமது முஅல்லிம்தான். 'கானக்கா' என்பதை, கணக்கும் சோதிடமும் அறிந்தவனைக் குறிக்கும் 'கணக' என்ற இந்திய மொழிச் சொல்லாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். தமிழனுக்கு அகராதி தேவையில்லை. கணக்கன் என்றால் விளங்கும். ஆக, அது பெயரே அல்ல, தொழில். போர்த்துக்கேயர் அந்த மனிதனின் தொழிலைப் பெயர் என்று எழுதிவைத்துவிட்டுப் பெயரை விட்டுவிட்டார்கள். நாமோ அந்த வெற்றிடத்தில் நமக்குத் தெரிந்த பெரிய பெயர் ஒன்றை வைத்து நிரப்பினோம். இப்னு மாஜித் பெரிய மாலுமி என்பதில் ஐயமில்லை. 1490ஆம் ஆண்டளவில் அவர் முடித்த 'கிதாபுல் பவாயித்' இந்து சமுத்திரக் கடலோட்டத்தின் பெருநூல். நைரூஸ் என்ற பாரசீகப் புத்தாண்டிலிருந்து நாட்களை எண்ணி, எந்தத் துறையிலிருந்து எத்தனையாம் நாளில் பாய் விரிக்கலாம், எத்தனையாம் நாளுக்குப் பிறகு விரிக்கக்கூடாது என்று அவர் கூறுகிறார். அந்தப் பெருமைக்கு வாஸ்கோட காமாவின் கப்பல் தேவையில்லை. ஒரு பொய்ப் பெருமையை விட்டுவிட்டால் மெய்யான பெருமை குறைந்துவிடும் என்ற பயம் நம்மவர் சிலருக்கு இருக்கிறது. எனக்கு அந்தப் பயத்தின் காரணம் விளங்குவதில்லை.

அந்தப் பெயர் தெரியாத கணக்கன் என்ன அறிந்திருந்தான் என்பதைத் தேதிகளே சொல்கின்றன. 1498 ஏப்ரல் 24இல் மாலிந்தியிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் மே 20இல் கோழிக்கோட்டுக்கு அப்பால் நங்கூரமிட்டன. நடுக்கடலைக் கடக்க எடுத்தது 23 நாட்கள். தென்மேற்குக் காற்று மூளத் தொடங்கும் வேளை. பெருங்காற்று வந்து மலபார்த் துறைகளை மூடிவிடுவதற்குச் சற்று முந்திய வேளை. அந்த இடைவெளியில் கப்பலைச் செலுத்துவதுதான் வித்தை. திரும்பும்போது வாஸ்கோட காமா அவசரப்பட்டார். வாடை நிலைகொள்ளும் வரை பொறுக்காமல் 1498 ஒக்டோபர் 5இல் அஞ்சதீவிலிருந்து புறப்பட்டார். காற்று நின்றது, எதிர்த்தது, அலைக்கழித்தது. 1499 ஜனவரி 7இல்தான் மாலிந்தியை அடைந்தார். அதே கடலைக் கடக்க மூன்று மாதங்கள். முப்பதளவானோர் பல் ஈறு வீங்கும் ஸ்கேர்வி நோயில் மடிந்தனர். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே நடமாடும் நிலையில் இருந்தனர். ஆட்கள் போதாமல் ஒரு கப்பலைத் தாங்களே எரித்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று. பருவம் அறிதல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எந்த நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் சபரகமுவவுக்கும் இந்தக் கடல்வழி வரலாற்றில் பங்குண்டு. பாவா ஆதம் மலை 2243 மீற்றர் உயரம். கடலிலிருந்து வருபவனுக்கு இலங்கையின் முதல் அடையாளம் பல நேரம் அதுதான். 1344இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையிலுள்ள மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, மூன்று நாளில் போய்ச் சேரவேண்டிய பயணத்தில் ஒன்பது நாள் அலைந்து இலங்கைக்கு வந்து சேர்ந்தார். புகைத்தூண்போல் வானில் எழுந்து நின்ற மலையைக் கடலிலிருந்தே கண்டதாகச் சொல்கிறார். அது ஓகஸ்ட் மாதம், தென்மேற்குப் பருவம். அவர் குற்றம் சொல்வது காற்றையும், வழி சரியாகத் தெரியாத கப்பல் தலைவனையும். நீரோட்டத்தையும் சேர்த்துக் குற்றம் சாட்ட எனக்கு ஆசைதான், ஆனால் அவர் சொல்லாததை நான் சொல்லக்கூடாது. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இறங்கி, மலையேறி, தெய்வேந்திரமுனையையும் காலியையும் கொழும்பையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்தக் காலியில்தான் 1911இல் ஒரு கல் கிடைத்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. செங் ஹோவே யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. இதை மத நல்லிணக்கத்தின் சின்னமாகப் பேசுவது வழக்கம். பேசட்டும். எனக்கு அதில் ஒரு புவியியல் பாடமும் தெரிகிறது. மேற்கிலிருந்து ஒரு பருவத்தில் வரும் கப்பலும் கிழக்கிலிருந்து மறுபருவத்தில் வரும் கப்பலும் இந்தத் தென்முனையைச் சுற்றியே ஆகவேண்டும். ஒரு காற்றில் வந்தவன் மறு காற்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். காத்திருக்கும் இடத்தில் பள்ளிவாசல் எழும், கோயில் எழும், திருமணம் நடக்கும், மூன்று மொழியில் கல் எழுதவேண்டிய தேவை வரும். நம் சமூகம் இத்தீவில் வேர்விட்டதற்கு அந்தக் காத்திருப்பு ஒரு பெருங்காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இதுவரை மேல்நீரைப் பற்றியே பேசினோம். மாலுமிக்குத் தெரிந்தது அதுதான். அடியில் இருப்பதை அறிய வேறு கருவிகள் வேண்டியிருந்தன. 1751இல் ஹென்றி எலிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஆபிரிக்காவுக்கு அப்பால், வெப்பமான கடலில், மூடியுள்ள வாளி ஒன்றை ஆழத்துக்கு இறக்கி நீர் எடுத்துப் பார்த்தார். மேலே சூடாக இருந்த கடல் அடியில் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்நீரில் குளித்ததாகவும் மதுவைக் குளிர்வித்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கப்பல் அடிமை வியாபாரக் கப்பல் என்பதை அறிவியல் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்டவர்களுக்கு அந்தக் குளிர்நீர் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சூரியன் உச்சியில் நிற்கும் நாட்டில் கடலுக்கடியில் குளிர் எங்கிருந்து வந்தது? துருவங்களில் குளிர்ந்து கனத்த நீர் அடியில் அமிழ்ந்து மத்திய கோட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ரம்போர்ட் விளக்கினார். நம் தீவைச் சுற்றியும் அப்படித்தான். மேலே 28, 29 பாகை செல்சியஸ். 1000 மீற்றர் ஆழத்தில் ஏழு பாகையளவு. இன்னும் கீழே போனால் இரண்டு பாகையும் இல்லை. காலி முகத்திடலில் நின்று பார்க்கிறோமே அந்தக் கடலின் அடியில் கிடப்பது அந்தாட்டிக்காவின் குளிர். வட அத்திலாந்திக்கிலும் அந்தாட்டிக்கக் கரையிலும் அமிழும் நீர் பெருங்கடல்களின் அடித்தளம் வழியே பரவி, மெல்ல மேலெழுந்து, சூடாகி, மேல்மட்ட ஓட்டங்களாகத் திரும்பிப் போகிறது. ஒரு சுற்று முடிய ஆயிரம் ஆண்டளவு ஆகும் என்பர். 1987இல் புரோக்கர் என்ற அமெரிக்கர் இதற்குச் சுழல்பட்டி என்று உவமை சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது. பசிபிக்கின் சூடான நீர் இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே புகுந்து இந்து சமுத்திரத்துக்குள் வருகிறது. செக்கனுக்குச் சுமார் 15 மில்லியன் கனமீற்றர். உலக நதிகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது செக்கனுக்குச் சுமார் 1.2 மில்லியன் கனமீற்றர்தான் என்று சொன்னால் அளவு விளங்கும். வடக்கே ஆசியா மறிப்பதால் அந்தச் சூட்டுக்கு வடவழி இல்லை; தெற்கே இறங்கி அகுல்காஸ் வழியாக ஆபிரிக்காவைச் சுற்றி, ஒரு பங்கு அத்திலாந்திக்குக்குப் போகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்த அந்தச் சிவப்பு அம்புக்குறிக்குள் நம் கடலின் சூடும் கொஞ்சம் இருக்கிறது.

இக்கடலின் ஆழத்தை ஆராய்ந்த பயணங்களில் ஒன்றை நம் இலக்கிய வட்டம் அறிந்திருக்க வேண்டும். 1933 செப்டெம்பரில் அலெக்சாந்திரியாவிலிருந்து 'மபாஹித்' என்ற எகிப்திய ஆய்வுக்கப்பல் புறப்பட்டது. ஆராய்ச்சிகள் என்பது பெயரின் பொருள். பிரித்தானியப் பணத்தில், செய்மோர் சுவெல் தலைமையில், ஜோன் மரே பெயரால் நடந்த ஆய்வுப் பயணம் அது. 1934 மே வரை ஒன்பது மாதம் அரபிக் கடலையும் இந்து சமுத்திரத்தையும் அளந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் எகிப்தியர். விஞ்ஞானிகளில் இருவர் எகிப்தியர்: இரசாயனவியலாளர் அப்துல் பத்தாஹ் முஹம்மத், மருத்துவரும் உயிரியலாளருமான ஹுசைன் பவ்ஸி. இந்த ஹுசைன் பவ்ஸி திரும்பிப்போய் அறிக்கை மட்டும் எழுதவில்லை. அந்தப் பயணத்தை இலக்கியமாக எழுதி, அதற்கு நவீன சிந்துபாத் என்ற பொருளில் பெயர் வைத்தார். பிறகு பழைய சிந்துபாத் கதைகளுக்குப் பின்னால் இருந்த அரபுக் கடலறிவைத் தேடி இன்னொரு நூல் எழுதினார். கடைசிவரை சிந்துபாத் என்றே அறியப்பட்டார். வெப்பமானியும் வலையும் பிடித்த கை எழுதிய பயண இலக்கியம். நம்மில் அரபு கற்ற ஆலிம்கள் பலர் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் பெரும் உபகாரமாக இருக்கும்.

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே நீர் எவ்வளவு போகிறது என்பதை முறையாக அளந்தது அண்மைக்காலத்தில்தான். 1991 தொடக்கம் ஓராண்டுக்கு மேலாக ஜெர்மானியக் கடலியலாளர் பிரெட்றிக் ஷொட் குழுவினர் அங்கே கருவிகளைக் கடலடியில் கட்டிவைத்துப் பதிந்தார்கள். மேல் 300 மீற்றரில் செக்கனுக்குப் பத்து மில்லியன் கனமீற்றர் அளவில் நீர் ஒரு பருவத்தில் அங்கும் மறுபருவத்தில் இங்கும் போவது தெரியவந்தது. முன்சொன்ன கணக்கில், உலக நதிகள் எல்லாவற்றையும்போல எட்டு மடங்கு. இதில் உப்பின் கணக்கும் உண்டு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டுவதால் வங்காள விரிகுடாவின் மேல்நீர் உப்புக் குறைந்தது. மழை குறைந்து ஆவியாதல் மிகுந்த அரபிக் கடல் உப்பு மிகுந்தது. கோடை ஓட்டம் உப்புநீரை வங்கத்துக்குக் கொண்டுபோக, மாரி ஓட்டம் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக இறங்கி நன்னீர் கலந்த நீரை அரபிக் கடலுக்குக் கொண்டுவருகிறது. இரண்டு கடலும் கொடுத்து வாங்கும் இந்த வியாபாரம் நின்றால், ஒன்று மேலும் கரிக்கும், மற்றது மேலும் சப்பென்றாகும்.

அந்த நன்னீர்ப் படலம் எங்கள் மழையோடும் சம்பந்தப்பட்டது. இலேசான அந்த நீர் மேலே மூடிபோல் கிடப்பதால் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலே வருவதில்லை. கோடையிலும் வங்கக் கடல் 28 பாகைக்கு மேல் சூடாக இருக்கிறது. அதே கோடையில் சோமாலியக் கரையோரம் நீரோட்டம் வடக்கே திரும்பி, உலகின் வேகமான ஓட்டங்களில் ஒன்றாகப் பாய்கிறது. அங்கும் ஓமான் கரையிலும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடிநீர் எழுந்து அரபிக் கடலைக் குளிர்விக்கிறது. ஒரே காற்று, ஒரு கடல் குளிர்கிறது, மறுகடல் சூடாகவே இருக்கிறது. சூடான கடலின்மேல் தாழமுக்கங்கள் உருவாகின்றன. 2003 மே மாதத்தில் வங்கக் கடலில் ஒரு சூறாவளி நின்று தென்மேற்குக் காற்றை இழுத்தபோது இரத்தினபுரி மாவட்டத்தில் மலை சரிந்தது, கலவானயும் தப்பவில்லை. 2017 மே மாதத்தில் பின்னர் 'மோரா' என்று பெயர் பெற்ற புயல் திரளத் தொடங்கிய வேளையில் மறுபடியும் அதே கதை. இரண்டு முறையும் நாட்டில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடலைக் காணாத பிள்ளைகளின் வீடுகளைக் கடல் வந்து பார்த்துவிட்டுப் போனது.

1999இல் இன்னொரு கண்டுபிடிப்பு வந்தது. சஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன் ஆகிய இந்தியர் மூவரும் யமகட்டா என்ற ஜப்பானியரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அது. சில ஆண்டுகளில் சுமாத்திராப் பக்கம் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்து ஆபிரிக்கப் பக்கம் சூடாகிறது. தராசின் இரு தட்டுப்போல. 1961, 1994, 1997 அத்தகைய ஆண்டுகள். பின்னர் 2019இலும் கடுமையாக வந்தது. அந்த ஆண்டில் கிழக்காபிரிக்காவில் வெள்ளம், அவுஸ்திரேலியாவில் காட்டுத்தீ. அத்தகைய ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை கூடும் போக்கு உண்டு. இதற்கிடையே இந்து சமுத்திரம் பத்தாண்டுக்குச் சுமார் 0.12 பாகை வீதம் சூடேறி வருகிறது. இப்னு மாஜித் எண்ணிய நாட்கணக்கு இனியும் அப்படியே பொருந்துமா என்பது மாலுமிகளைவிடத் தேயிலைக்காரருக்கும் நெற்காரருக்கும் பெரிய கேள்வி.

நீரோட்டம் இன்று கப்பல்காரருக்கு முக்கியமில்லை, எஞ்சின் இருக்கிறது. எஞ்சின் இல்லாதவனுக்கு, இருந்தும் பழுதானவனுக்கு, அது இன்றும் விதிதான். 2014 மார்ச் 8இல் காணாமற்போன மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டொன்று 2015 ஜூலையில் ஆபிரிக்காவுக்கு அருகிலுள்ள ரியூனியன் தீவில் ஒதுங்கியது. நாடுகள் பல சேர்ந்து தேடியும் காணாததைக் கடல் பதினாறு மாதத்தில் தானே கொண்டுவந்து போட்டது.

மனிதரையும் கொண்டுவருகிறது. 2013 பெப்ரவரியில் இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் தத்தளித்த படகொன்றிலிருந்து 32 ரோஹிங்கியா மக்களைக் கடற்படையினர் மீட்டார்கள். கூட வந்தவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பசியாலும் தாகத்தாலும் இறக்க, உடல்களைக் கடலில் இறக்கிவிட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். 2022 டிசெம்பரில் எஞ்சின் பழுதான இன்னொரு படகு வடக்குக் கடலில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் காணப்பட்டது. 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு அப்பால் மூன்றாவது படகு. அதிலும் நூற்றுக்கு மேற்பட்டோர், பிள்ளைகள் பலர். அவர்கள் புறப்பட்டது மலேசியாவையோ இந்தோனேசியாவையோ நினைத்து இருக்கலாம். இலங்கையை நினைத்து அல்ல என்பதே பலரின் கருத்து. மூன்றும் வாடைக்கால மாதங்கள். வங்கத்தின் நீர் நமது கிழக்குக் கரையோரமாக இறங்கும் மாதங்கள்.

2024இல் அந்தப் படகை முதலில் கண்டவர்கள் முல்லைத்தீவு மீனவர்கள். பிறகுதான் கடற்படை வந்து திருகோணமலைக்குக் கொண்டுபோனது. மார்கழியில் நீர் எங்கிருந்து வரும் என்று அந்த மீனவர்களிடம் கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார்கள்.